வேலையில் கற்றதற்குக் கல்லூரி கிரெடிட்: அமெரிக்காவில் பட்டம் முடிக்க நினைக்கும் பெரியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பத்துப் பதினைந்து வருடம் ஒரு தொழிலில் ஊறியவர் அமெரிக்காவில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தால், அதே தொழிலின் அரிச்சுவடியைப் பணம் கட்டிப் படிக்க நேர்வது உண்டு. ஒரு நிறுவனத்தின் வரவு செலவைத் தனியாளாக முடித்துக் கொடுத்தவர் அக்கவுண்டிங் அறிமுக வகுப்பில் உட்கார்ந்திருப்பார். இருபது பேரை வேலை வாங்கியவர் மேலாண்மை அடிப்படைப் பாடத்துக்கு அசைன்மென்ட் எழுதிக்கொண்டிருப்பார். பல நேரம் இதற்குத் தேவையே இல்லை. வகுப்பறைக்கு வெளியே கற்றதை மதிப்பிட்டு அதற்கு கிரெடிட், அதாவது பட்டத்துக்குச் சேரும் பாட அலகு, தரும் ஏற்பாடு பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகளில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. முன்கற்றல் மதிப்பீடு என்று சொல்லலாம். கல்லூரி இணையதளங்களில் ‘பி.எல்.ஏ.’ அல்லது ‘சி.பி.எல்.’ என்ற சுருக்கப் பெயரில் தேடினால் கிடைக்கும்.

ஆனால் தேடினால்தான் கிடைக்கும். கேல் என்ற அமைப்பு 1974-இல் இதற்காகவே தொடங்கப்பட்டது. அதுவும் மேற்கு மாநிலங்களின் உயர்கல்விக் கூட்டமைப்பான விச்சியும் சேர்ந்து 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. 72 கல்லூரிகள், 2,30,000-க்கும் அதிகமான வயதுவந்த மாணவர்கள். அவர்களில் இப்படி கிரெடிட் வாங்கியவர்கள் 11 சதவீதம் மட்டுமே. வாங்கியவர்களில் 49 சதவீதம் பேர் பட்டமோ சான்றிதழோ முடித்தார்கள். வாங்காதவர்களில் முடித்தவர்கள் 27 சதவீதம். விடாமுயற்சி உள்ளவர்கள்தான் இதையும் தேடிப் போவார்கள் என்பது நியாயமான சந்தேகம். ஆய்வாளர்கள் அதையும் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்தார்கள். அப்போதும் வித்தியாசம் மிச்சமிருந்தது.

முதலில் தெளிய வேண்டியது

கல்லூரி உங்கள் அனுபவத்துக்கு கிரெடிட் தருவதில்லை. அனுபவத்திலிருந்து நீங்கள் கற்றதற்குத்தான் தருகிறது. கேல் வகுத்த தர விதிகளில் இது முதன்மையானது: எத்தனை வருடம் வேலை பார்த்தீர்கள் என்பதற்கு மதிப்பில்லை, கற்றலுக்கான ஆதாரத்துக்கே மதிப்பு. பன்னிரண்டு வருடம் ஒரே வேலையைச் சொன்னபடி செய்தவருக்கு ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். மூன்று வருடத்தில் ஏன், எப்படி என்று புரிந்து செய்தவருக்கு மூன்று பாடங்களுக்கு கிரெடிட் கிடைக்கலாம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சறுக்கியிருப்பார்கள். அவர்களுக்கு அறிவு இருந்திருக்கும். ஆனால் விண்ணப்பம் முழுக்க வருடக்கணக்கும் பதவிப் பெயரும்தான் இருந்திருக்கும்.

சில அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட், இரண்டாண்டு அசோசியேட் பட்டத்துக்கு 60. ஒரு பாடம் பெரும்பாலும் 3 கிரெடிட். ஒரு செமஸ்டர் கிரெடிட் என்பது வகுப்பும் வீட்டுப் படிப்புமாகச் சேர்த்து ஏறக்குறைய 45 மணி நேர உழைப்பு. அப்படியென்றால் 3 கிரெடிட் கேட்பவர் சுமார் 135 மணி நேரப் படிப்புக்கு ஈடான அறிவு தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறார். அடுத்தது உச்சவரம்பு. பட்டத்தின் குறைந்தது நான்கில் ஒரு பங்கையாவது தன்னிடமே படிக்க வேண்டும் என்பது பல கல்லூரிகளின் விதி. அதற்குள் முன்கற்றலுக்கு மட்டும் 15, 30, 60 என்று தனி வரம்பும் வைத்திருப்பார்கள். ஆகவே முழுப் பட்டத்தையும் அனுபவத்தைக் காட்டியே வாங்கிவிட முடியாது. அப்படித் தருகிறேன் என்று சொல்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

படி 1: முதலில் பட்டம், பிறகுதான் கிரெடிட்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் படியை வையுங்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பட்டம், அதற்கு எந்தெந்தப் பாடங்கள் தேவை என்று தெரிவதற்கு முன்பு எந்தத் தேர்வுக்கும் எந்த மதிப்பீட்டுக்கும் ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள்.

காரணம் இதுதான். பட்டத்தின் 120 கிரெடிட்டும் ஒரே குவியல் அல்ல. எழுத்து, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் போன்ற பொதுக்கல்விப் பாடங்கள் ஒரு பகுதி. முதன்மைப் பாடமும் அதன் முன்தேவைப் பாடங்களும் ஒரு பகுதி. மீதி விருப்பப் பாடங்கள். உங்களுக்குக் கிடைக்கும் கிரெடிட் இவற்றில் ஏதாவது ஒரு காலி இடத்தில் போய் உட்கார வேண்டும். பிசினஸ் படிப்பவருக்கு விருப்பப் பாடத்தில் 9 கிரெடிட்டுக்குத்தான் இடம் இருக்கிறது, அவர் 18 கிரெடிட்டை விருப்பப் பாடமாக வாங்கி வைத்திருக்கிறார் என்று வையுங்கள். கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டில் 18-ம் அழகாகத் தெரியும். பட்டம் நெருங்குவதோ 9 அளவுக்குத்தான். மிச்சம் 9 வாங்கச் செலவழித்த பணமும் உழைப்பும் எங்கும் போய்ச் சேராது.

அதனால் சேர நினைக்கும் பட்டத்தின் பாடப்பட்டியலைக் கல்லூரியின் கேட்டலாக்கிலிருந்து எடுங்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்கள் என்றால் ‘டிகிரி ஆடிட்’ அறிக்கையைக் கேளுங்கள். எது முடிந்தது, எது பாக்கி என்று அது ஒரே பார்வையில் காட்டும். பாக்கியுள்ள பாடங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். இனிமேல் வேலை முழுவதும் இந்தத் தாளை வைத்துத்தான்.

கல்லூரியை இன்னும் தேர்வு செய்யாதவர்களுக்குச் சுதந்திரம் அதிகம். பெரியவர்களுக்காகவே உருவான அரசுக் கல்லூரிகள் உண்டு. நியூஜெர்சியின் தாமஸ் எடிசன் ஸ்டேட் யுனிவர்சிட்டி 1972-இல் தொடங்கப்பட்டது, கனெக்டிகட்டின் சார்ட்டர் ஓக் ஸ்டேட் காலேஜ் 1973-இல், நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் 1971-இல். இப்படிப்பட்ட இடங்களில் வெளிக் கிரெடிட்டை ஏற்பது அன்றாட வேலை, அதற்கென்று ஆட்களும் நடைமுறையும் இருக்கும். பெயர்பெற்ற ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் பல இதில் கெடுபிடி. உங்களிடம் காட்ட நிறைய இருக்கிறது, பட்டத்தைச் சீக்கிரம் முடிப்பதுதான் நோக்கம் என்றால், கல்லூரியின் பெயரைவிட அதன் முன்கற்றல் கொள்கையை முதலில் பாருங்கள் என்பதே என் ஆலோசனை.

படி 2: கற்றதைப் பட்டியல் போடுங்கள்

ரெஸ்யூமே எடுத்து வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். அதில் பதவிகள் இருக்கும், கற்றது இருக்காது. ஒவ்வொரு வேலையாக எடுத்து, ‘இங்கே சேர்ந்த நாளில் எனக்குத் தெரியாதது, விலகிய நாளில் தெரிந்திருந்தது என்ன?’ என்று கேட்டு எழுதுங்கள். நிறுவனம் அனுப்பிய பயிற்சிகள், உரிமங்கள், தொழில்முறைச் சான்றிதழ்கள், கோயில் நிர்வாகத்திலோ தமிழ்ப் பள்ளியிலோ செய்த தொண்டு, நீங்களாகவே படித்து நடைமுறைப்படுத்தியது எல்லாம் வரலாம். தொண்டு என்பதால் மதிப்புக் குறைவு என்று நினைக்க வேண்டாம். ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பாடத்திட்டம் எழுதி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, குழந்தைகளின் நிலையை அளந்து பிரித்தவர், கல்வியியலில் சொல்லித் தரும் விஷயங்களைக் கைப்பட செய்தவர். குழந்தைப் பராமரிப்பு மையங்களில் வேலை செய்பவர்களிடம் சி.டி.ஏ. என்ற குழந்தை வளர்ச்சிச் சான்றிதழ் இருந்தால், கம்யூனிட்டி காலேஜ்கள் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரிகள் பலவற்றில் அதற்கு நேரடியாகவே கிரெடிட் உண்டு.

பட்டியலை முடித்ததும் படி 1-இன் தாளோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகும் பாடங்களின் சிலபஸைத் துறையிடமிருந்து கேட்டு வாங்குங்கள். சிலபஸின் முதல் பக்கத்தில் ‘இந்தப் பாடத்தை முடித்தவர் என்னென்ன செய்ய வல்லவராக இருப்பார்’ என்று ஐந்தாறு வரிகள் இருக்கும். அவைதான் கற்றல் விளைவுகள். அவற்றில் நாலில் மூன்று பங்கையாவது இன்றே செய்து காட்ட முடியும் என்றால் அந்தப் பாடத்தை வைத்துக்கொள்ளுங்கள். பாதிதான் தேறும் என்றால் வகுப்பில் போய்ப் படிப்பது நல்லது. அதில் குறையொன்றும் இல்லை.

படி 3: மலிவான வழியிலிருந்து தொடங்குங்கள்

கிரெடிட்டுக்குப் பல வழிகள் இருக்கின்றன. உழைப்பும் செலவும் குறைவானதை முதலில் முடித்துவிட்டு, கடினமானதைக் கடைசியில் எடுப்பது புத்திசாலித்தனம்.

முதலில் பழைய மதிப்பெண் பட்டியல்கள். எங்கோ ஒரு கல்லூரியில் இரண்டு செமஸ்டர் படித்து விட்டிருந்தாலும் அந்தக் கிரெடிட் செத்துப்போவதில்லை. ஊரில் பாலிடெக்னிக் டிப்ளமாவோ பாதியில் நின்ற பட்டமோ இருப்பவர்கள், வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனங்களின் கூட்டமைப்பான நேசஸில் உள்ள டபிள்யூ.இ.எஸ். போன்ற நிறுவனத்திடம் பாடவாரியான மதிப்பீடு வாங்க வேண்டும். மொத்தமாக ‘இது இன்ன பட்டத்துக்குச் சமம்’ என்று மட்டும் சொல்லும் மதிப்பீடு வேலைவாய்ப்புக்குப் போதும். கிரெடிட் மாற்றப் பாடவாரியாகத்தான் தேவை. எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்று கல்லூரியிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஊரிலிருந்து மதிப்பெண் சான்று முத்திரையிட்ட உறையில் வந்து சேரவே மாதங்கள் ஆகலாம் என்பதால் இந்த வேலையை இன்றே தொடங்குவது நல்லது.

அடுத்தது, ஏற்கெனவே யாரோ மதிப்பிட்டு வைத்த பயிற்சிகள். அமெரிக்கக் கல்விக் கவுன்சில், சுருக்கமாக ஏ.சி.இ., 1945 முதல் ராணுவப் பயிற்சிகளை மதிப்பிட்டு, இன்னதற்கு இத்தனை கிரெடிட் தரலாம் என்று பரிந்துரைத்து வருகிறது. பிறகு நிறுவனப் பயிற்சிகளும் தொழில்சான்றிதழ்களும் சேர்ந்தன. கூகுளின் ஐடி சப்போர்ட் சான்றிதழ் அப்படிப் பரிந்துரை பெற்ற ஒன்று. நியூயார்க்கைச் சேர்ந்த என்.சி.சி.ஆர்.எஸ். என்ற அமைப்பும் இதே வேலையைச் செய்கிறது. உங்கள் சான்றிதழின் பெயரை இந்த இரண்டு அமைப்புகளின் தேடுபட்டியலிலும் போட்டுப் பாருங்கள். ராணுவத்தில் இருந்தவர்கள் ஜாயின்ட் சர்வீசஸ் டிரான்ஸ்கிரிப்டைக் கல்லூரிக்கு அனுப்பச் சொன்னால் போதும், விமானப்படையினருக்குத் தனியாக அவர்களுடைய கம்யூனிட்டி காலேஜின் டிரான்ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: ஏ.சி.இ. செய்வது பரிந்துரைதான். ஏற்பதும் மறுப்பதும் கல்லூரியின் விருப்பம்.

மூன்றாவது, தேர்வுகள். காலேஜ் போர்டு நடத்தும் கிளெப் தேர்வுகள் இவற்றில் அதிகம் அறியப்பட்டவை. 34 பாடங்கள், பெரும்பாலானவை 90 நிமிடம், ஒவ்வொன்றுக்கும் கட்டணம் ஏறத்தாழ 100 டாலர், தேர்வு மையம் தனியாகக் கொஞ்சம் வாங்கும். மதிப்பெண் 20 முதல் 80 வரை. ஏ.சி.இ. பரிந்துரைப்பது பெரும்பாலும் 50, ஆனால் சில கல்லூரிகள் கூடுதலாகக் கேட்கும். தவறினால் அதே தேர்வை மறுபடி எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். மதிப்பெண்ணை 20 வருடம் வைத்திருப்பார்கள், எப்போது வேண்டுமானாலும் வேறு கல்லூரிக்கு அனுப்பச் சொல்லலாம். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பு கிளெப் பாடங்களுக்கு இலவச இணையப் பயிற்சி தருகிறது. அதை முடித்தவர்களுக்குத் தேர்வுக் கட்டண வவுச்சரும் கொடுக்கிறது.

நம்மவர்களுக்கு இதில் ஒரு யோசனை. இந்தியாவில் பள்ளிப்படிப்பு முடித்தவருக்கு காலேஜ் அல்ஜீப்ரா, கால்குலஸ் தேர்வுகள் கொஞ்சம் தூசி தட்டினால் கைவந்துவிடும். அலுவலக அனுபவம் உள்ளவருக்கு மேலாண்மை, மார்க்கெட்டிங், தகவல் அமைப்புகள் தேர்வுகள் ஒத்துவரும். அமெரிக்க வரலாறும் அமெரிக்க அரசியலமைப்பும் இங்கே பள்ளியில் படித்தவர்களுக்குப் பழகியவை. நமக்குப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும், அதற்கான நேரத்தைத் தனியாக ஒதுக்குங்கள். கிளெப்பில் உள்ள மொழிகள் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மட்டுமே. தமிழுக்கு ஆக்ட்ஃபல் அமைப்பின் வாய்மொழித் திறன் தேர்வு இருக்கிறது. ஆனால் தாய்மொழிக்கு கிரெடிட் தரமாட்டோம் என்று சொல்லும் கல்லூரிகள் கணிசம். அந்தப் பதிலைத் தெரிந்துகொள்வதற்கு முன்பு பதிவு செய்யாதீர்கள்.

டி.எஸ்.எஸ்.டி. என்று இன்னொரு தேர்வு வரிசையும் உண்டு, கிளெப்பில் இல்லாத சில பாடங்கள் அதில் கிடைக்கும். இரண்டிலுமே இல்லாத பாடம் என்றால் துறையிடம் ‘சேலஞ்ச் எக்ஸாம்’ உண்டா என்று கேளுங்கள். அந்தப் பாடத்தின் இறுதித் தேர்வை, அல்லது அதற்கு இணையான ஒன்றை, வகுப்புக்குப் போகாமலேயே எழுத விடுவார்கள்.

இவை எதிலும் அடங்காத அறிவுக்குத்தான் போர்ட்ஃபோலியோ, அதாவது கற்றதை விளக்கும் கட்டுரையும் ஆதாரங்களும் சேர்ந்த தொகுப்பு.

படி 4: கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்

அட்வைசர்கள் நல்லவர்கள்தான், ஆனால் இந்த விஷயத்தில் எல்லோருக்கும் விவரம் தெரியாது. ‘அப்படியெல்லாம் இங்கே கிடையாது’ என்று ஒருவர் சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தையும் சம்பந்தப்பட்ட துறையையும் கேளுங்கள். கேட்க வேண்டியவை: எந்தெந்த வழிகளை ஏற்கிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு என்ன, கிரெடிட் குறிப்பிட்ட பாடத்துக்கு ஈடாக விழுமா, வெறும் விருப்பப் பாடமாக விழுமா, முதன்மைப் பாடத்தில் அனுமதி உண்டா, கட்டணம் எவ்வளவு, எப்போது கட்டுவது, விண்ணப்பிக்கும் முன் சேர்ந்திருக்க வேண்டுமா, இத்தனை கிரெடிட் முடித்திருக்க வேண்டுமா, நிராகரித்தால் மேல்முறையீடு உண்டா.

பதில்களை மின்னஞ்சலில் வாங்குங்கள். நேரில் பேசினால், வீட்டுக்கு வந்ததும் ‘இன்று நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானே?’ என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அட்வைசர் மாறிப்போன பிறகு உங்களுக்குத் துணை நிற்பது அந்த வரிதான்.

கட்டணத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. மதிப்பிடும் வேலைக்குக் கட்டணம் வாங்குவது முறை. கொடுக்கும் கிரெடிட்டின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் வாங்குவது முறையல்ல என்கின்றன கேல் விதிகள். அப்படி வாங்கினால், அதிக கிரெடிட் கொடுப்பது கல்லூரிக்கு லாபம் என்றாகிவிடும், மதிப்பீட்டின் நேர்மை கெட்டுப்போகும்.

படி 5: போர்ட்ஃபோலியோ எழுதுவது

இங்கேதான் உழைப்பு அதிகம். பல கல்லூரிகள் இதற்கென்று தனிப் பயிற்சிப் பாடமே வைத்திருக்கின்றன. உங்கள் கல்லூரியில் அது இருந்தால் கட்டாயம் சேருங்கள். ஒரு போர்ட்ஃபோலியோ பெரும்பாலும் ஒரு பாடத்துக்கு மட்டும் எழுதப்படும். அதில் இரண்டு பகுதி: கற்றதை விளக்கும் கட்டுரை, அதை நிரூபிக்கும் ஆவணங்கள். படித்துப் பார்த்து முடிவு செய்பவர் அந்தப் பாடத்தை நடத்தும் பேராசிரியராகவோ அதே துறை வல்லுநராகவோ இருப்பார்.

ஒரு உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். ஒரு சிறு நிறுவனத்தில் பல வருடம் கணக்கு எழுதிய ஒரு பெண், ‘நிதிக் கணக்கியல் 1’ பாடத்துக்குக் கேட்கிறார். சிலபஸில் ஒரு கற்றல் விளைவு: ஆண்டு முடிவில் சரிக்கட்டும் பதிவுகளைப் போடவும், அதன் காரணத்தை விளக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய முதல் வரைவு இப்படி இருக்கிறது:

“நான் நிறுவனத்தின் எல்லாக் கணக்குகளையும் பொறுப்பாகக் கவனித்துக்கொண்டேன். ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் கணக்கை முடித்துக் கொடுப்பேன். முதலாளி என் மேல் முழு நம்பிக்கை வைத்திருந்தார்.”

மூன்று வாக்கியமும் உண்மை. இவற்றில் கிரெடிட்டுக்கான ஆதாரம் ஒன்றுகூட இல்லை. இதையே திருத்தி எழுதினால்:

“அக்டோபர் 1 அன்று ஓராண்டுக் காப்பீட்டுக்கு 2,400 டாலர் கட்டினோம். கட்டிய அன்று அதை முன்பணம் கட்டிய காப்பீடு என்ற சொத்துக் கணக்கில் பதிந்தேன், ஏனென்றால் பாதுகாப்பு இன்னும் கிடைக்கவில்லை. டிசம்பர் 31-க்குள் மூன்று மாதம் கழிந்துவிட்டது. அதனால் 600 டாலரைக் காப்பீட்டுச் செலவில் பற்று வைத்து, முன்பணக் கணக்கில் வரவு வைத்தேன். மீதி 1,800 டாலர் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகவே நின்றது. முதல் வருடம் நான் மொத்தத்தையும் கட்டிய மாதத்திலேயே செலவாகக் காட்டியிருந்தேன். அந்த மாதம் நட்டமாகவும் அடுத்த மாதங்கள் அளவுக்கு மீறி லாபமாகவும் தெரிந்தன. வருமானத்தை ஈட்டிய காலத்தோடு அதற்கான செலவைப் பொருத்த வேண்டும் என்ற விதியின் தேவை எனக்கு அப்போதுதான் புரிந்தது.”

இந்தப் பத்தியைப் படிக்கும் பேராசிரியருக்கு வேறு சந்தேகமே வராது. என்ன செய்தார், ஏன் செய்தார், செய்யாவிட்டால் என்ன ஆகும், துறையில் அதற்கு என்ன கோட்பாடு என்ற நான்கும் இருக்கின்றன. ஒவ்வொரு கற்றல் விளைவுக்கும் இப்படி ஒரு குறிப்பான சம்பவத்தை எடுத்து எழுதுங்கள். சிலபஸ் எந்த வரிசையில் கேட்கிறதோ அதே வரிசையில் எழுதுங்கள், மதிப்பீட்டாளர் தேடி அலைய வேண்டியிருக்காது.

கோட்பாட்டை விட்டுவிடாதீர்கள். வேலையில் கற்றவர்களின் பலவீனம் பெரும்பாலும் அங்கேதான். மேலே சொன்ன பெண்ணுக்குச் சரிக்கட்டும் பதிவு தெரியும். ஆனால் அந்த நிறுவனத்தில் சரக்கு இருப்பே கிடையாது என்றால், சரக்கை மதிப்பிடும் முறைகளைப் பற்றி அவர் யோசித்திருக்கவே மாட்டார், சிலபஸோ அதையும் கேட்கும். இதற்கு நேர்மையான வழி, அந்தப் பாடத்தின் புத்தகத்தை நூலகத்தில் எடுத்து, விட்டுப்போன இரண்டு அதிகாரங்களைப் படித்து, கட்டுரையில் தன் அனுபவத்தோடு பொருத்தி எழுதுவது. நீங்களாகப் படித்ததும் முன்கற்றல்தான். இல்லாத அனுபவத்தை இருப்பதாக எழுதுவது மட்டும் கூடாது. நேர்காணலுக்கு அழைத்து இரண்டு கேள்வி கேட்டால் முழு விண்ணப்பமும் சரிந்துவிடும்.

ஆவணங்களில் உங்கள் கைவேலை முதலிடம் பெறும்: நீங்கள் தயாரித்த அறிக்கை, எழுதிய மென்பொருள், வகுத்த பயிற்சித் திட்டம், வேலை செய்யும் வீடியோ. அடுத்து சான்றிதழ்கள், பணி மதிப்பீட்டு அறிக்கைகள். மேலாளரின் கடிதமும் தேவை. ஆனால் ‘இவர் கடின உழைப்பாளி’ என்ற கடிதத்தால் பயன் இல்லை. கடிதம் எழுதுபவரிடம் கற்றல் விளைவுகளின் பட்டியலைக் கொடுத்து, ‘இவற்றில் எதை நான் செய்ததை நேரில் பார்த்தீர்களோ அதை மட்டும் எழுதுங்கள்’ என்று கேளுங்கள். பழைய நிறுவனம் மூடப்பட்டிருந்தால் அங்கே மேலே இருந்தவர் தனிப்பட்ட முறையில் எழுதித் தரலாம். தமிழில் உள்ள ஆவணங்களுக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். வாடிக்கையாளர் பெயர், நோயாளி விவரம், நிறுவனத்தின் ரகசிய எண்கள் எல்லாவற்றையும் மறைத்துவிட்டே இணையுங்கள். மருத்துவத் துறையினர் இதில் இரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

முதன்முறையாகப் போர்ட்ஃபோலியோ எழுதுபவர்கள் ஒரே நேரத்தில் நான்கு பாடங்களைத் தொடங்கக் கூடாது. உறுதியாகத் தேறும் ஒன்றை எழுதி அனுப்புங்கள். அதற்கு வரும் கருத்துகள் அடுத்தவற்றை எழுதக் கைகொடுக்கும்.

படி 6: முடிவு வந்த பிறகு

பதில் மூன்று விதமாக வரலாம்: முழு கிரெடிட், மறுப்பு, அல்லது ‘இந்த இரண்டு விளைவுகளுக்குக் கூடுதல் ஆதாரம் தாருங்கள்’. மூன்றாவது வந்தால் சோர்ந்துபோக வேண்டாம், பாதி தூரம் கடந்தாயிற்று என்று வையுங்கள். மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்த விளைவு போதவில்லை என்று சொல்ல முடியாத மறுப்பை மேல்முறையீடு செய்யத் தயங்காதீர்கள்.

கிரெடிட் கிடைத்துவிட்டால், டிரான்ஸ்கிரிப்டில் ஏறிவிட்டதா, எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏறியது என்று சரிபாருங்கள். 3 கிரெடிட் பொதுவாக ஏறி, பாடத்தின் தேவை பூர்த்தியாகாமல் நிற்பது உண்டு. பெரும்பாலும் கிரேடு இல்லாமல்தான் பதிவார்கள், ஜி.பி.ஏ.-வை அது தொடாது.

போகும் வழியில் கவனிக்க வேண்டியவை

கல்லூரி மாற வேண்டியிருந்தால்: போர்ட்ஃபோலியோவால் வந்த கிரெடிட், அதைக் கொடுத்த கல்லூரியோடு பெரும்பாலும் நின்றுவிடும். அடுத்த கல்லூரி அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. கிளெப் மதிப்பெண்ணோ உங்கள் கையில் இருப்பது, எங்கும் அனுப்பலாம். கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம், பிறகு பல்கலைக்கழகம் என்று திட்டமிடுபவர்கள் தேர்வு வழியை அதிகம் நம்புவது நல்லது. அதுவும் போய்ச் சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் விதியைப் பார்த்துவிட்டு.

நிதியுதவி: கூட்டாட்சி அரசு தரும் உதவி நீங்கள் அந்த செமஸ்டரில் பதிவு செய்து படிக்கும் கிரெடிட்டைப் பொறுத்தது. தேர்வாலோ போர்ட்ஃபோலியோவாலோ வந்த கிரெடிட் அந்த எண்ணிக்கையில் சேராது. முழுநேர மாணவராகப் பதிந்து உதவி வாங்குபவர், கிரெடிட் வந்த பாடத்தை விட்டு விலகினால் பகுதிநேரமாகி உதவி குறையலாம். விசாவில் இருக்கும் எஃப்-1 மாணவர்களுக்கோ முழுநேரம் என்பது சட்டத் தேவை. ஆகவே எந்தப் பாடத்தையும் கைவிடுமுன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பேசிவிடுங்கள். வேலையில் இருப்பவர்கள் தேர்வு, மதிப்பீட்டுக் கட்டணங்களை நிறுவனத்தின் கல்வி உதவித் திட்டம் ஏற்குமா என்று மனிதவளத் துறையிடம் கேட்கலாம். முன்னாள் ராணுவத்தினருக்கு ஜி.ஐ. பில் என்ற அரசுக் கல்வி உதவி வழியாக கிளெப், டி.எஸ்.எஸ்.டி. கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

உரிமம் தேவைப்படும் தொழில்கள்: சி.பி.ஏ. எனப்படும் உரிமம் பெற்ற கணக்காளர், ஆசிரியர், நர்ஸ் உரிமங்களுக்கு மாநில வாரியங்கள் தனி விதி வைத்திருக்கின்றன. கல்லூரி ஏற்ற கிரெடிட்டை வாரியம் ஏற்காமல் போகலாம். மருத்துவக் கல்லூரி கனவு இருந்தால் அறிவியல் முன்தேவைப் பாடங்களை வகுப்பில் அமர்ந்தே படியுங்கள்.

கடைசியாகப் போலிகள். ‘உங்கள் வாழ்க்கை அனுபவத்துக்கு முழுப் பட்டம், இரண்டு வாரத்தில், ஒரே கட்டணத்தில்’ என்று விளம்பரம் வந்தால் அது பட்டக் கடை. உண்மையான மதிப்பீட்டில் யாராவது உங்கள் வேலையைப் படித்துக் கேள்வி கேட்பார்கள், கிடைக்காமலும் போகலாம். அங்கீகாரத்தைச் சரிபார்க்க அமெரிக்கக் கல்வித்துறையின் டேபிப் (DAPIP) தரவுத்தளத்தையும் உயர்கல்வி அங்கீகாரக் கவுன்சிலான செயா (CHEA) அமைப்பின் தேடுபட்டியலையும் பாருங்கள். ‘அங்கீகாரம் பெற்றது’ என்று இணையதளத்தில் போட்டிருந்தால் மட்டும் போதாது, அங்கீகாரம் கொடுத்த அமைப்பின் பெயரும் அந்தப் பட்டியல்களில் இருக்க வேண்டும். போலிப் பட்டத்தை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டினால் வேலை போவதோடு நிற்காது, சில மாநிலங்களில் சட்டப்படி குற்றம்.

கிரெடிட் எல்லாம் பதிவான பிறகு மறுபடியும் ஒரு டிகிரி ஆடிட் எடுங்கள். மீதமுள்ள பாடங்கள் எந்த செமஸ்டரில் நடத்தப்படுகின்றன, எதற்கு எது முன்தேவை என்று பார்த்து, பட்டம் வாங்கும் வரையிலான அட்டவணையை அட்வைசரோடு உட்கார்ந்து புதிதாகப் போடுங்கள். நடுவில் இரண்டு பாடம் குறைந்ததாலேயே, வருடத்தில் ஒருமுறை மட்டும் நடக்கும் அடுத்த பாடத்தை முன்கூட்டியே எடுக்க முடியலாம்.